ஏழு பைகளும் ஒரு கல்விழுதும்

ஏழு பை. நீலத் தோள்பை என் மகன் ஹேமந்தினுடையது, உள்ளே என்னத்தைப் போட்டு வைத்திருக்கிறானோ அம்மிக்கல் மாதிரி கனக்கிறது. மருமகள் ஷர்மிளாவின் கைப்பை, மந்த்ராலயத்துப் பிரசாதம் வைத்த மஞ்சள் பை, புளிசாதத் தூக்கு வைத்த கட்டைப்பை, நாத்தனார் கஸ்தூரியின் பைகள் இரண்டு, கடைசியாக இவருடைய மாத்திரைப் பை. எனக்கென்று தனிப் பை கிடையாது, என் சாமான் இந்த ஏழில் எதிலாவது ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும். வேனிலேயே வைத்துவிட்டுப் போகலாமே என்றேன். டிரைவர் டீசல் போடப் போய்விட்டான், அதுவுமில்லாமல் அவனை நம்பி எதையும் வைக்க முடியாது என்றார் இவர். மூன்று நாளாகக் குடியாத்தத்திலிருந்து எங்கள் ஐந்து பேர் உயிரையும் அவன் கையில் கொடுத்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டு வந்திருக்கிறோம், புளிசாதத்தைக் கொடுக்க முடியாதாம். "அத்தை, குகைக்குள்ள ஆக்சிஜன் கம்மியாம், நெட்ல போட்டிருக்கான், உங்க பிபிக்கு வேணாம் அத்தை" என்றாள் ஷர்மிளா. "அண்ணிக்கு முட்டி வேற" என்றாள் கஸ்தூரி. "நீ நிழல்ல ரெஸ்ட் எடும்மா" என்றான் ஹேமந்த். எல்லாம் பிரியமாகத்தான். திட்டிச் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், பிரியமாகச் சொன்னால் வாயை எப்படித் திறப்பது. இவர் மாத்திரைப் பையை என் மடியில் வைத்துவிட்டு நாலு டிக்கெட் வாங்கப் போனார்.

நாலு. ஐந்து பேர் வந்தோம், நாலு. வாங்குவதற்கு முன்னால் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது தீர்ந்துபோன விஷயம், கல்யாணம் ஆன வருஷமே தீர்ந்துவிட்டது. குற்றாலத்தில் எனக்கு அருவிச் சத்தம் மட்டும்தான் தெரியும், மடி நிறைய எல்லோருடைய ஈரத்துணி. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினார்கள், கைக்கடிகாரங்கள் என்னிடம். மகாபலிபுரத்தில் அலையில் நின்றார்கள், செருப்புகள் என்னிடம். ஊட்டிப் படகுத்துறையில் நான் பார்த்தது எதிர்ப் பெஞ்சு, அதன் பச்சைப் பெயிண்ட் எங்கெங்கே உரிந்திருந்தது என்று இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். வீட்டில்தான் இப்படி என்றால் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவிலும் ஹெச்.எம். அம்மா, "புனிதவதி டீச்சர் பொறுப்பானவங்க, அவங்க பை பாத்துக்கட்டும்" என்பார். பொறுப்பு. எவன் கண்டுபிடித்த வார்த்தையோ. யாரை எழுந்திருக்க விடக்கூடாதோ அவளைப் பொறுப்பானவள் என்று சொல்லிவிட்டால் போதும். சரி, அருவி போகட்டும், படகு போகட்டும், எனக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. இது வேண்டும். இது என்னுடையது. இருபத்தொன்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்தவள் நான். சுண்ணாம்புப் பாறைப் பிரதேசம், நிலத்தடி நீரின் செயல்கள், மழைத்தண்ணீர் கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைக்கும், குகை உண்டாகும், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் படிந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழும்புவது கல்முளை, இரண்டும் சேர்ந்தால் கல்தூண், படம் வரைந்து பாகம் குறி. வருஷம் தவறாமல் சாக்பீஸால் தொங்கவிட்டிருக்கிறேன், கேரட்டைத் தலைகீழாகக் கட்டின மாதிரி. அந்த இடத்தின் வாசல்வரை கூட்டிவந்து, பையைக் கொடுத்து உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன பாடம் எடுத்தேன் என்று இந்த நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

நானாவது சொல்லியிருக்கலாம். மேப்பில் பேலும் குகை என்று ஹேமந்த் காட்டியபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அங்கேதான் முள். அதைத் தொட்டால் நிலோஃபர் வந்து நிற்பாள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, இரண்டாவது பெஞ்சு, எண்ணெய் வழியத் தலைவாரிக்கொண்டு வருகிற பெண். "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டாள். பார்த்திருக்கேன் என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. எங்கே டீச்சர்? ஆந்திராவில், பேலும் குகை. எப்படி இருந்தது டீச்சர்? உள்ளே போனாலே ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கும், மேலே பார்த்துக்கிட்டு நின்னேன், ஒரு சொட்டுத் தண்ணி நெத்தியில விழுந்துச்சு. ஐம்பது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வருஷம் யாரும் கேட்காமலேயே சொன்னேன். அதற்கடுத்த வருஷம் ஒரு வௌவாலைச் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் சொட்டு விழுந்த இடத்தை நான் தொட்டுக் காட்டும்போது எனக்கே அது ஈரமாக இருந்த ஞாபகம் வரும். போன மே மாதம் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், பொறுப்பானவர் என்று மூன்று பேர் பேசினார்கள். பொய்யோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிடும், சாகிறவரை நிற்கும். அது எனக்கு வேண்டாம். முட்டி வலித்தால் வலிக்கட்டும்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருத்தி. நாற்பத்தைந்து இருக்கும், கருப்பு ரவிக்கை, காலைச் சுற்றி மூன்று பை, ஒரு தண்ணீர்க் கேன், குழந்தையின் தொப்பி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, நம் ஜாதி. ஊருக்கு ஊர் பெஞ்சுக்குப் பெஞ்சு இருக்கிற ஜாதி. குடியாத்தம் கடைத்தெருவில் பொறுக்கின தெலுங்கை வைத்துக்கொண்டு, உள்ளே போகவில்லையா என்று கேட்டேன். சிரித்தாள். மூன்று விரலைக் காட்டி, "மூடோ சாரி" என்றாள். மூன்றாவது தடவையாக வருகிறாளாம், மூன்று தடவையும் பெஞ்சுதான். பெயர் ஈஸ்வரம்மா. இங்கே பக்கத்தில் தாடிபத்ரியில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற இடத்தில் வேலை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் குகையைக் காட்டக் கூட்டிவருவார்களாம், பை பார்க்க இவளையும் சேர்த்து. என்ன கல் என்று கேட்டேன். கடப்பாக்கல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அடுப்பங்கரை மேடை கடப்பாக்கல், அதுவும் சுண்ணாம்புப் பாறைதான், நான்தான் பாடம் நடத்துவேன், முப்பது வருஷமாக அதன்மேல்தான் காய் நறுக்குகிறேன். இவள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புகிறாள். கல்லைத் தேய்க்க இவள், துடைக்க நான், உள்ளே போய்ப் பார்க்க ஊரில் இருக்கிற எல்லோரும். இதை அவளுக்குத் தெலுங்கில் சொல்லத் தெரியவில்லை, சமையல் மேடையைக் கையால் துடைத்துக் காட்டினேன், புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவள் என் ஏழு பையைப் பார்த்தாள், குகைப் பக்கம் பார்த்தாள், "வெள்ளண்டி, நேனு சூஸ்தா" என்றாள். நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவள். நீ வந்தவுடன் நான் போகிறேன் என்பதற்கு என்னைத் தொட்டு, தன்னைத் தொட்டு, கீழே கைகாட்டினாள். முறை. பம்பில் குடம் வைத்தால் முறை உண்டு, இதற்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வந்துவிடுவேன் என்றேன். நிச்சயம் வந்து உட்காருவேன், அதற்கப்புறம் நீ போ. தலையாட்டினாள். போய் ஒரு டிக்கெட் வாங்கினேன். ஒன்று என்று சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று யாரிடம் சொல்ல.

சமதரைதான், மலையும் இல்லை ஒன்றும் இல்லை, பெரிய கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறேன். ஒவ்வொரு படிக்கும் முட்டி பேசுகிறது, பேசட்டும், யார் கேட்டார்கள். வெளிச்சம் பின்னால் போகிறது, மஞ்சள் விளக்கு வருகிறது, முதல் திருப்பத்திலேயே முகத்தில் அறைந்தது சூடு. சூடு. ஐஸ் மாதிரியாம். சோற்றுப்பானையைத் திறந்தால் வருமே அந்த ஆவி, முதுகெல்லாம் கசகசவென்று பிசுபிசுப்பு, மூக்குக்கண்ணாடி மூடிப்போகிறது. நின்றுவிட்டேன். நிலோஃபர் கேட்டதிலிருந்து வருஷத்துக்கு நூறு பிள்ளைகள் என்று வை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஜில்லென்று இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருத்தி புருஷன் பிள்ளையோடு இங்கே வந்திருக்க மாட்டாளா. நிலோஃபரே வந்திருக்கலாம். இதே இடத்தில் நின்று துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சர் ஏன் அப்படிச் சொன்னாங்க என்று யோசித்திருப்பாள். கெட்டிக்காரி, ஒரு நிமிஷம் போதும் அவளுக்கு. டீச்சர் வரவேயில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது, இருட்டிலும் முகம் எரிகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம். எங்கே திரும்புவது, திரும்பினால் அந்தப் பெஞ்சு. ஆமாம்டி நிலோஃபர், பொய் சொன்னேன். பார்க்க விடாதவர்களைக் கேட்காமல் உன்னிடம் பொய் சொன்னேன். இப்போது வருகிறேன் பார், வேர்த்து ஊற்றிக்கொண்டு வருகிறேன்.

குனிய வேண்டிய இடம் வருகிறது. கூரை தாழ்ந்து, இரண்டு பக்கமும் பாறை நெருங்கி, முன்னால் போகிற கல்லூரிப் பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டே உள்ளே நழுவிவிட்டார்கள், அவர்கள் சத்தம் வளைந்து வளைந்து எங்கிருந்தோ வருகிறது. தலையைக் குனிந்தேன். மூச்சு வரவில்லை. இல்லை, வருகிறது, பாதி வருகிறது. போன வருஷம் முதுகுக்கு ஸ்கேன் எடுக்க என்னை ஒரு குழாய்க்குள் தள்ளினார்களே அதேதான், மூக்குக்கு ஒரு சாண் மேலே கூரை, அசையாதீங்கம்மா அசையாதீங்கம்மா என்று யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள், நானும் அசையாமல் கிடந்தேன், அசையாமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வருமே. இங்கே விழுந்தால்? மயக்கம் வந்து விழுந்தால் கூட்டம் கூடும், மேலே தூக்கிப் போவார்கள், சொன்னேனே கேட்டியா என்பார் இவர், பெஞ்சில உக்காந்திருக்கலாம்ல என்பாள் கஸ்தூரி, அது ஆயுசுக்கும் நடக்கும், ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள். சாவுக்குப் பயமில்லை, அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். விழமாட்டேன். விழுந்தாலும் முன்பக்கமாக விழுவேன், உள்பக்கமாக. மேலே எங்கேயோ குழாய் வழியாகக் காற்று ஊதுகிறார்கள், அதன் கீழே போய் நின்றேன், நெஞ்சு ஒவ்வொரு படியாக இறங்குகிற மாதிரி அடங்கியது. பின்னால் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. "ஜரகண்டி அம்மா", நகருங்கள் என்றான் ஒரு பையன். "இருப்பா, போறேன்" என்றேன் தமிழில், அதிகாரமாக, வகுப்பில் பேசுகிற குரலில். ஒரு வருஷமாகக் காணாமல்போன குரல். பையன் ஓரடி பின்னால் போனான். குனிந்தேன், ஒரு கையால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன், போனேன்.

பிறகு கூரை மேலே போய்விட்டது. நிமிர்ந்தேன். அங்கே இருந்தன. ஒன்று இரண்டு இல்லை, கூரை முழுக்க. நான் வரைந்த எதுவும் இல்லை அங்கே, ஒரு கேரட் இல்லை. சிலது மடித்துத் தொங்கவிட்ட துணி, சிலது மாட்டு மடி, சிலது பாம்பு படமெடுத்து அப்படியே கல்லானவை, சிலதற்கு உருவமே கிடையாது. வழிகாட்டி ஒருவர் டார்ச் அடித்து லிங்கம், லிங்கம் என்று காட்டிக்கொண்டிருக்கிறார், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. "கல்விழுது" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். பக்கத்திலிருந்த சின்னப் பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கென்ன. மேலிருந்து தொங்குவது கல்விழுது. ஒரு விரல் நீளம் வளர எத்தனை நூறு வருஷமோ, புத்தகத்தில் போட்டிருந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன், இப்போது அந்த நூறு வருஷங்கள் தலைக்கு மேலே கனமாகத் தொங்குகின்றன. நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். சொட்டு விழவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். விழவே இல்லை, அந்தக் கல்லெல்லாம் காய்ந்து கிடந்தது, என் நெற்றியில் என் வேர்வைதான் வழிந்தது. விழ வேண்டாம். பொய்யில் விழுந்த சொட்டு நிஜத்தில் விழாததுதான் நியாயம். அழுகை வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தேன், இத்தனை சந்தோஷம் என் ஹேமந்த் பிறந்த அன்றைக்குக்கூட இல்லை, அன்றைக்கு வலி இருந்தது. இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும்.

"அம்மா!" அவன் குரல்தான். நாலு பேரும் எதிர்ப்பக்கமிருந்து வருகிறார்கள், பாதாள கங்கை வரைக்கும் போய்விட்டு. ஷர்மிளாவின் பொட்டு வேர்வையில் மூக்குவரை இறங்கியிருக்கிறது. நான் சிரித்தேன். காட்டலாம் என்று கையை மேலே தூக்கினேன், இதுதான்டா, இதைத்தான் நான் இத்தனை வருஷம், என்று தொடங்குவதற்குள், "பை?" என்றார் இவர். எப்படி வந்தாய் இல்லை, மூச்சு வாங்குதா இல்லை. பை. "மேலதான் இருக்கு, ஆள் பாத்துக்குது" என்றேன். "எந்த ஆளு?" "ஈஸ்வரம்மான்னு ஒருத்தங்க." "யாருடி அது?" "இப்பத்தான் பழக்கம்." "அறிவிருக்கா உனக்கு? பிரசாதம் இருக்கு, மாத்திரை இருக்கு, அவன் லேப்டாப்பு இருக்கு" என்றார். அதுவா அந்த அம்மிக்கல். "அண்ணி, இன்னா அண்ணி இது, சின்னப் புள்ள மாதிரி" என்று கஸ்தூரி கன்னத்தில் கைவைத்தாள். ஹேமந்த் அதற்குள் இரண்டடி ஓடிவிட்டான். "வா, வா, மேல போலாம்" என்று இவர் என் முழங்கையைப் பிடித்தார். கையை விடுவித்துக்கொண்டேன். "நீங்க போங்க. நான் இன்னும் கங்கையைப் பாக்கல" என்றேன். நாற்பது வருஷத்தில் நான் இவரிடம் சொன்ன நீளமான மறுப்பு இதுதான் என்று நினைக்கிறேன். பைகள் ஜெயித்தன, நாலு பேரும் மேலே ஓடினார்கள். நான் கீழே இறங்கினேன். பாதாள கங்கை என்பது பாறைக்கு நடுவே ஒரு சின்னத் தண்ணீர், சத்தம் பெரிசு, ஆள் சிறிசு. ஆனாலும் பார்த்தேன். ஒரு ஐந்து நிமிஷம்தான். மேலே ஒருத்தி முறைக்குக் காத்திருக்கிறாளே.

மேலே வரும்போது கண் கூசுகிறது, முட்டி இரண்டும் என்னுடையவையாக இல்லை. வேன் வந்துவிட்டது. ஏழு பையையும் கீழே வரிசையாக வைத்து இவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், ஈஸ்வரம்மாவின் முன்னாலேயே. அவள் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் காணாமல்போகவில்லை, அது இவர் முகத்திலேயே தெரிகிறது, ஏமாந்த மாதிரிகூட இருக்கிறது. நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சொரசொரவென்று உப்புத்தாள் தேய்த்த கை. "போங்க" என்றேன். அவள் இவரைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். "போங்க. லோபலிகி, உள்ள போங்க. நான் இருக்கேன்." அவள் வீட்டார் இன்னும் மேலே வரவில்லை. சட்டென்று எழுந்தாள், முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு விறுவிறுவென்று போனாள். அவளுடைய மூன்று பையையும் என் காலருகே இழுத்துக்கொண்டேன்.

"ஏறு வேன்ல" என்றார் இவர். "அகோபிலத்துல நடை சாத்திடுவான்." மாட்டேன் என்றேன். "அந்தம்மா வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்." "யாரோ ஒருத்தி பைக்கு நீ ஏன்டி காவல்?" "யாரோ ஒருத்திதான் இவ்ளோ நேரம் உங்க பைக்குக் காவல் இருந்தா. நீங்க அவ எதிர்லயே திறந்து திறந்து பாத்தீங்க." ஹேமந்த், "அப்பா, விடுங்கப்பா" என்றான். "எவ்ளோ நேரமாகும்?" என்றார் இவர். "எனக்கென்ன தெரியும்? மூணு தடவையா பாக்காததை ஒரு தடவையில பாக்கணும் அவ. நேரமாகும்." பேசிக்கொண்டிருக்கும்போதே குகைப் பக்கமிருந்து மீசைக்காரர் ஒருவர் வந்தார், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, பின்னால் விருந்தாளிகள், ஒரு குழந்தை. பையை அடையாளம் கண்டு நின்றார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவள் எங்கே என்று தெலுங்கில் அதட்டினார். அவருடைய அவள். "லோபல" என்றேன், குகையைக் காட்டி. அவருக்குப் புரியவில்லை, அதாவது வார்த்தை புரிந்தது, விஷயம்தான் புரியவில்லை. உள்ளேயா, எதற்கு, என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பார்க்க, என்றேன். வெயில் ஏறிவிட்டது, பெஞ்சில் மட்டும்தான் நிழல். அவர் நின்றார், இவர் நின்றார். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். முதலில் மீசைக்காரர் உட்கார்ந்தார், அப்புறம் மெல்ல இவரும் வந்து உட்கார்ந்தார். பத்துப் பையையும் இரண்டு பேர் காலுக்கும் நடுவே நகர்த்தி வைத்தேன். இவர் மாத்திரைப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.